வரைவுக்கு முன்பே வர வேண்டியவர்கள்: ராமநாதபுரம் கடற்கரையும் காலநிலைச் செயல்திட்டத்தில் மக்கள் பங்கேற்பும்

1. கேள்வி

2024 நவம்பர் 20 அன்று பெய்த மழையை ராமேஸ்வரம் தீவு எளிதில் மறக்காது. பாம்பனில் மூன்று மணி நேரத்தில் ஏறத்தாழ 19 செ.மீ. கொட்டியது. ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பதிவானது. ஆண்டு முழுவதற்கும் சராசரியாக 80 செ.மீ.யை ஒட்டியே மழை பெறும் மாவட்டம் இது. ஆண்டு மழையில் பாதி ஒரு நாளில் இறங்கினால் வீதியும் வீடும் குளமாவதில் வியப்பில்லை. மேகவெடிப்பு என்று வானிலை ஆய்வாளர்கள் அதற்குப் பெயர் சொன்னார்கள்.

வானம் கொட்டியது காலநிலையின் கணக்கு. கொட்டிய நீர் வடிய வழியில்லாமல் நின்றது நகரமைப்பின் கணக்கு. எந்தத் தெருவில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது, முன்பு அது எந்த ஊருணிக்குப் போய்ச் சேர்ந்தது, அந்த வழியை அடைத்தது எந்தக் கட்டடம் என்பதை அங்கே குடியிருப்பவர் சொல்ல முடியும். செயற்கைக்கோள் படத்தில் அதில் பாதிதான் தெரியும்.

இப்படிப்பட்ட கரைக்கு ஒரு காலநிலைச் செயல்திட்டம் வகுக்கும்போது அங்கே வாழ்பவர்களை எப்போது அழைப்பது, எதற்காக அழைப்பது, எந்த அதிகாரத்துடன் அழைப்பது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மக்கள் பங்கேற்பு வேண்டும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. ஆனால் அழைப்பு பெரும்பாலும் வரைவு எழுதி முடித்த பிறகே வருகிறது. எதைப் பற்றித் திட்டமிடுவது என்ற தீர்மானம் அதற்குள் எடுக்கப்பட்டுவிடுகிறது. மக்களுக்கு எஞ்சுவது அந்தத் தீர்மானத்தின் ஓரங்களைத் திருத்தும் வேலைதான். ராமநாதபுரம் கடற்கரையை முன்வைத்துப் பார்த்தால் இந்த முறையின் குறை தெளிவாகத் தெரிகிறது. மாற்று வழிக்கான முன்னுதாரணமும் இதே கரையில் கிடைக்கிறது.

2. பங்கேற்பு: இதுவரையான புரிதல்

பங்கேற்பைப் பற்றிய விவாதங்களில் தவறாமல் குறிப்பிடப்படுவது, அமெரிக்கத் திட்டவியலாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் எழுதிய கட்டுரை. குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக அவர் வரைந்தார். கீழ்ப்படிகளில் நடப்பது பங்கேற்பின் பெயரால் ஆட்களைச் சமாளிப்பது. நடுப்படிகளில் தகவல் சொல்வார்கள், கருத்துக் கேட்பார்கள், ஓரிருவருக்குக் குழுவில் இடம் தருவார்கள். முடிவு மட்டும் கை மாறாது. மேல்படிகளில்தான் முடிவெடுக்கும் அதிகாரம் பகிரப்படுகிறது. இந்த அளவுகோலை வைத்தால் நம் ஊர்களில் நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டங்களில் பெரும்பாலானவை நடுப்படியைத் தாண்டுவதில்லை.

இந்த ஏணிக்கும் குறை உண்டு. மக்கள் ஒருபுறம், அரசு மறுபுறம் என்று அது பிரிக்கிறது. மக்களுக்குள்ளேயே இருக்கும் சாதி, பால், தொழில், கடன் ஆகிய ஏற்றத்தாழ்வுகளை அது பார்ப்பதில்லை. விசைப்படகு உரிமையாளரும், அந்தப் படகில் பங்குக்குப் போகும் கூலித் தொழிலாளியும், கரையில் மீன் வாங்கிக் கூடையில் சுமந்து விற்கும் பெண்ணும் ‘மீனவர்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். அவர்களுடைய தேவைகள் ஒன்றல்ல.

இந்திய அனுபவத்தில் கேரளத்தின் மக்கள் திட்ட இயக்கம் தனித்து நிற்கிறது. 1996இல் தொடங்கிய அந்த இயக்கம் மாநிலத் திட்ட ஒதுக்கீட்டில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு மாற்றியது. கிராம சபையில் தேவைகளைப் பட்டியலிடுவது அதன் முதல் படி. நிபுணர் குழு வந்தது பிறகுதான். 2016இல் வயநாட்டின் மீனங்காடி ஊராட்சி கரிமச் சமநிலையை நோக்கி நடக்க முடிந்ததற்கு இந்த அடித்தளமும் ஒரு காரணம். கேரளத்தில் கருத்துடன் பணமும் கீழே வந்தது. பணம் வராத இடத்தில் கூட்டம் கலைந்ததும் கருத்தும் கலைந்துவிடும்.

பெருநகரங்களின் காலநிலைத் திட்டங்கள் வேறு வழியில் போயின. மும்பை 2021இல் இணையம் வழியாகக் குடிமக்களின் பரிந்துரைகளைக் கேட்டு, 2022 மார்ச்சில் திட்டத்தை வெளியிட்டது. சென்னை மாநகராட்சி தன் வரைவை 2022 செப்டம்பரில் வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. வரைவு ஆங்கிலத்தில் இருந்தது, அவகாசமோ குறுகியது. தமிழில் வேண்டும், நாள் நீட்டிக்க வேண்டும் என்று சூழலியல் அமைப்புகளும் குடியிருப்போரும் குரல் எழுப்பிய பிறகே தமிழ் வடிவம் வந்தது, அவகாசமும் நீண்டது. இறுதித் திட்டம் 2023 ஜூனில் வெளியானது. கடல் ஏறினால் முதலில் இடம்பெயரப்போகும் காசிமேட்டு மீனவர், எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் தடவும் தொழிலாளி ஆகியோரின் மொழி இரண்டாவதாக நினைவுக்கு வந்தது என்பதை ஒரு நிர்வாகத் தவறு என்று தள்ளிவிடலாம். யாரை வாசகராக எண்ணி வரைவு எழுதப்பட்டது என்பதற்கான சான்றாகவே நான் அதைக் கொள்கிறேன்.

3. தமிழ்நாட்டின் அமைப்பும் ராமநாதபுரத்தின் இடமும்

காலநிலைக்கென நிர்வாக அமைப்பை உருவாக்கியதில் தமிழ்நாடு முன்னணியில் நிற்கிறது. 2021இல் பசுமைக் காலநிலை நிறுவனம் அமைக்கப்பட்டது. 2022இல் முதலமைச்சர் தலைமையில் காலநிலை மாற்றத்துக்கான ஆட்சிமன்றக் குழு உருவானது. 38 மாவட்டங்களிலும் ஆட்சியரை இயக்குநராகவும் மாவட்ட வன அலுவலரைக் காலநிலை அலுவலராகவும் கொண்ட மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கங்கள் ஏற்படுத்தப்பட்டன. கோயம்புத்தூர், நீலகிரி, விருதுநகர், ராமநாதபுரம் ஆகிய நான்கு மாவட்டங்களுக்கு வசுதா அறக்கட்டளையின் துணையுடன் கரிம உமிழ்வுக் குறைப்புத் திட்டங்கள் வகுக்கும் பணியும் மேற்கொள்ளப்பட்டது. தலைநகரில் உட்கார்ந்து மாநிலம் முழுமைக்கும் ஒரே சட்டை தைப்பதைவிட மாவட்டந்தோறும் அளவெடுப்பது மேலானது. இதில் ஐயமில்லை.

ஆனால் எதை அளவெடுக்கிறோம்? கரிமக் கணக்கு மின்சாரத்தையும் வாகனத்தையும் வேளாண்மையையும் கழிவையும் எண்களாக்கும். ராமநாதபுரம் பெருந்தொழிற்சாலைகள் அரிதான மாவட்டம். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 13.53 லட்சம். மாநிலக் கடற்கரையில் ஏறத்தாழ 237 கி.மீ. இம்மாவட்டத்தினுடையது. கமுதியில் 2016இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் விரிந்திருக்கிறது. அதன் மின்சாரம் மாநிலத் தொகுப்புக்குப் போகிறது. ஆக, இந்த மாவட்டம் உமிழ்வதைவிடப் பாதிப்பை ஏற்பதே அதிகம். இங்கே உமிழ்வுக் குறைப்பைத் திட்டத்தின் தலைவாசலாக வைத்தால், வறட்சியும் புயலும் உவர்நீரும் கடலரிப்பும் கொல்லைப்புறத்தில் நிற்க நேரும். குறைப்பு வேண்டாம் என்பது என் வாதமல்ல. எதை முதலில் வைப்பது என்ற முடிவை எடுத்தபோது அந்த அறையில் யார் இருந்தார்கள் என்பதே என் கேள்வி.

4. கேள்வியை யார் கேட்பது

மூன்று எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

முதலாவது சீமைக் கருவேலம். நிலத்தடி நீரைக் கெடுக்கும் அயல் தாவரம் என்பது அதைப் பற்றிய பரவலான கருத்து. அதை அகற்றுமாறு 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. 2022இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென மாநில அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. கண்மாய்களையும் சதுப்பு நிலங்களையும் மூடிக்கொண்ட கருவேலத்தை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் முதுகுளத்தூர், கமுதி, கடலாடிப் பக்கம் மழை பொய்த்த ஆண்டுகளில் அடுப்பை எரியவைத்தது இந்த மரமும் கரிமூட்டமும்தான். வெட்டிய கட்டைகளை வட்டமாக அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போர்த்தி, உள்ளே நெருப்பை மூச்சுத்திணற வைத்து, நாள்கணக்கில் கண்விழித்துக் காவல் இருந்தால்தான் கரி தேறும். நிபுணரின் அட்டவணையில் மூட்டம் ஓர் உமிழ்வுப் புள்ளி. மூட்டம் போடுபவருக்கு அது வறட்சிக் காப்பீடு. இரண்டும் உண்மை. ‘கருவேலத்தை எப்படி அகற்றலாம்’ என்று கேட்டால் ஒரு பதில் வரும். ‘மழை பொய்த்தால் எதை நம்பிப் பிழைப்பீர்கள்’ என்று கேட்டால் வேறு பதில் வரும்.

இரண்டாவது குடிநீர். 1964 டிசம்பர் 22, 23 தேதிகளில் வீசிய புயலில் தீவின் முனையிலிருந்த தனுஷ்கோடி நகரம் அழிந்தது; பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் கடலில் மூழ்கியது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசைகளில் அங்கேயே தங்கின. இருபுறமும் கடல் இருக்க, அவர்கள் மணலில் கையால் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள். உப்புநீருக்கு மேலே மெல்லிய அடுக்காக மழைநீர் மிதக்கிறது. ஆழமாகத் தோண்டினால் உவர் ஏறிவிடும். கொஞ்சமாகத் தோண்டி, ஊற ஊற அள்ள வேண்டும். தீவின் நிலத்தடி நீரைப் பற்றிய ஓர் அறிவியல் பாடம் அந்தக் குழிக்குள் இருக்கிறது. 2017இல் அதன் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட பிறகு பயணிகள் வண்டி வண்டியாக அங்கே வருகிறார்கள். அந்த மணலின் நீர்க்கொள்ளளவைப் பற்றிய முதல் தகவலாளர்கள் அக்குடிசைக்காரர்களே. வாழத் தகுதியற்றது என்று ஏட்டில் எழுதப்பட்ட இடத்தில் வாழ்பவரை எந்தக் கூட்டத்துக்கு அழைப்பது? காகிதத்தில் இல்லாத ஊருக்கு அழைப்பிதழ் போகாது.

மூன்றாவது தீவுகளின் மறைவு. மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் நீருக்கடியில் போய்விட்டன. கடல்மட்ட உயர்வுக்கு இதை அடையாளமாகக் காட்டுவது இன்று வழக்கமாகிவிட்டது. ஆனால் முதன்மைக் காரணம், பல பத்தாண்டுகள் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தது. அலையைத் தடுத்த அரண் போன பிறகு மணல் நிற்கவில்லை. 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் வெளுத்ததற்குக் கடல்நீரின் வெப்பம் காரணம். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் காலநிலையின் தலையில் கட்டினால், வெட்டியவரும் வெட்ட விட்டவரும் தப்பிவிடுவார்கள். கரையில் வாழ்பவரின் நினைவு இங்கே வெறும் உணர்ச்சி அல்ல. காரணத்தைப் பிரித்தறிய உதவும் சான்று.

5. விதி வகுக்கத் தெரிந்த கரை

மக்களை அழைத்தால் குறைகளைத்தான் கொட்டுவார்கள், திட்டம் சொல்லத் தெரியாது என்ற எண்ணம் அலுவலகங்களில் உண்டு. இந்தக் கரையின் வரலாறு அதற்கு மாறாக இருக்கிறது.

பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகளுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுகளுக்கு என்றொரு முறை உண்டு. ராமேஸ்வரத்தில் திங்கள், புதன், சனி விசைப்படகு நாட்கள். நாட்டுப்படகு வலைகளை இழுவை வலைகள் அறுத்ததால் மூண்ட மோதல்களைத் தணிக்கப் பேச்சுவார்த்தை வழியாக உருவான ஏற்பாடு இது. குறைகள் ஏராளம், மீறல்களும் உண்டு. இருந்தும் கடலில் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒரு விதி தொழில் செய்பவர்களின் ஒப்புதலோடு நிற்கிறது.

இதைவிட ஆழமான எடுத்துக்காட்டு பாசி எடுக்கும் பெண்களுடையது. பாம்பன் சின்னப்பாலம் முதல் திருப்புல்லாணியை ஒட்டிய பாரதி நகர் வரை பல ஊர்களின் பெண்கள் தலைமுறைகளாகக் கடற்பாசி எடுத்துப் பிழைக்கிறார்கள். விரல்களில் கிழிந்த துணியைச் சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பையைக் கட்டி, மூச்சடக்கி மூழ்கிப் பாறையில் இருந்து மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் பறிக்கிறார்கள். 1986இல் தீவுகள் தேசியப் பூங்காவாயின. 1989இல் 10,500 சதுர கி.மீ. பரப்பு உயிர்க்கோளக் காப்பகமானது. எல்லைகள் வரையப்பட்டபோது இப்பெண்கள் அந்தப் படத்தில் இல்லை. பின்னாளில் கெடுபிடி இறுகியபோது, பரம்பரைத் தொழில் அத்துமீறல் ஆனது.

அவர்கள் அதற்கு அளித்த பதில்தான் நம் கேள்விக்கு முக்கியமானது. தொழிற்சங்கத்தின் துணையோடு ஒன்றுகூடித் தங்களுக்குத் தாங்களே விதிகள் வகுத்தார்கள். உலோகக் கருவியால் சுரண்டக் கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும். மாதத்தில் குறிப்பிட்ட நாட்களே கடலில் இறங்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டிப் பாசிக்கும் ஓய்வு விட வேண்டும். பாசியின் வளர்ச்சியும் தங்கள் பிழைப்பும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை என்பதை அறிந்தவர்களின் விதிகள் இவை. சின்னப்பாலத்துப் பெண் ஒருவருக்கு இதற்காக 2015இல் சர்வதேசப் பரிசான சீகாலஜி விருது கிடைத்தது. பொதுவளத்தைப் பயன்படுத்துவோரே அதற்கு விதி வகுத்துக் காக்க முடியும் என்று பொதுவளங்களை ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் தம் நூலில் நிறுவியதற்கு மன்னார் வளைகுடாவில் ஒரு சான்று.

மூன்றாவதாக, பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15இல் தொடங்கிய ‘கடல் ஓசை’ 90.4 சமுதாய வானொலி. மீனவர்களுக்காக, மீனவர் பேச்சுமொழியில் நடக்கும் இவ்வானொலி கடலையும் காலநிலையையும் பற்றித் தனி நிகழ்ச்சியே நடத்தியிருக்கிறது. வாடைக் காற்றும் கச்சான் காற்றும் முன்போல் மாதம் தவறாமல் வருவதில்லை. வடகடல் எனப்படும் பாக் விரிகுடா அடங்க வேண்டிய பருவத்தில் அடங்குவதில்லை. முன்பு கிடைத்த மீன் இன்று கிடைப்பதில்லை. இவையெல்லாம் கரையில் அன்றாடம் பேசப்படும் செய்திகள். தேதியிட்டுத் தொகுத்தால் இவை தரவு. தொகுக்க ஆளில்லாததால் புலம்பலாகக் கேட்கின்றன.

இம்மரபுகளைப் புனிதப்படுத்தவும் கூடாது. ஊர்க் கூட்டங்களில் முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பாசி எடுக்கும் பெண்கள் தங்கள் விதிகளைத் தனியே வகுக்க நேர்ந்ததற்கு அதுவும் காரணம். விசைப்படகு உரிமையாளர்களின் குரலுக்கு இருக்கும் கனம் கூலித் தொழிலாளிக்கு இல்லை. வாலிநோக்கம் உப்பளத்தில் வெயிலில் உப்பு வாரும் பெண்கள் மீனவர் சங்கத்திலும் இல்லை, உழவர் சங்கத்திலும் இல்லை. வெப்பம் கூடினால் முதலில் சாய்வது அவர்களின் உடல்தான். மரபு அமைப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டால் அவற்றின் ஓரவஞ்சனையும் திட்டத்துக்குள் ஏறிவிடும்.

6. சட்டம் திறக்கும் கதவும் மூடும் கதவும்

பங்கேற்புக்கான இடத்தைச் சட்டம் ஏற்கெனவே ஒதுக்கியிருக்கிறது. ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. நகரங்களுக்கு 2022இல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று பகுதி சபைகள் கூடின. ராமேஸ்வரம் 21 வார்டுகள் கொண்ட நகராட்சி. 2011இல் மக்கள்தொகை 44,856. பாம்பனும் தங்கச்சிமடமும் அதே தீவில் இருக்கும் ஊராட்சிகள். ஒரே தீவு, ஒரே நிலத்தடி நீர், ஒரே புயல். ஆனால் நகரத்துக்கு ஒரு சபை, ஊராட்சிக்கு இன்னொரு சபை. ‘நகரத்தின் காலநிலைத் திட்டம்’ என்ற சொல்லே இங்கே சற்றுப் பொருந்தாமல் நிற்கிறது. நகராட்சி எல்லையில் மழைநீர் நிற்காது. தீவை ஓர் அலகாகக் கொண்டு கூட்டுச் சபை நடத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

கதவு திறந்திருந்தும் பயன்படாமல் போனதற்குக் கடற்கரை மண்டல மேலாண்மை வரைபடங்கள் எடுத்துக்காட்டு. 2023இல் தமிழகக் கடலோர மாவட்டங்களில் வரைவு வரைபடங்கள் மீது கருத்துக் கேட்புகள் நடந்தபோது, மீனவக் குடியிருப்புகளும் படகு நிறுத்துமிடங்களும் வலை உலர்த்தும் பொதுநிலங்களும் படத்தில் முழுமையாக இல்லை என்று மீனவர் அமைப்புகள் எதிர்த்தன. படம் வரைந்து முடிந்த பிறகு, ‘எங்கள் ஊர் எங்கே’ என்று கேட்க வேண்டிய நிலை. வரைபவர் ஊருக்கு முதலில் வந்திருந்தால் அந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது.

மூடும் கதவுக்கு எடுத்துக்காட்டு எண்ணெய்க் கிணறுகள். 2020 ஜனவரியில் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையைத் திருத்திய ஒன்றிய அரசு, எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளைப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவைப்படாத பிரிவுக்கு மாற்றியது. ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு 2025 மார்ச்சில் மாநிலச் சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் ஓஎன்ஜிசி நிறுவனத்துக்கு அனுமதி அளித்த செய்தி சில மாதங்கள் கழித்தே பரவலாகத் தெரிய வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் மாநில அரசு அதை ஏற்பதில்லை என்று அறிவித்தது. உமிழ்வைக் குறைக்கத் திட்டம் வகுக்கும் அதே மாவட்டத்தில் எரிபொருள் தேடக் கிணறு தோண்டவும் அனுமதி. முன்னதற்கு மக்களை அழைப்பது நல்லெண்ணம். பின்னதற்கு அழைக்கத் தேவையே இல்லை. மரம் நடுவதற்கும் மஞ்சப்பைக்கும் கருத்துக் கேட்டுவிட்டுக் கிணற்றுக்குக் கேட்காவிட்டால், பங்கேற்பு என்பது சிறியவற்றைப் பேச மட்டும் தரப்பட்ட மேடை ஆகிவிடும்.

7. மாற்றுக் கருத்துகள்

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் வரலாம். முதலாவது, காலநிலை அறிவியல் நுட்பமானது, அதைப் பொதுச் சபையில் தீர்மானிக்க முடியாது என்பது. கடல்மட்டம் எத்தனை செ.மீ. உயரும் என்பதை வாக்கெடுப்பில் முடிவு செய்ய முடியாதுதான். ஆனால் உயரும் கடலுக்கு எதிரே சுவர் கட்டுவதா, குடியிருப்பை நகர்த்துவதா, அலையாத்தி நடுவதா என்பது மதிப்பீடுகள் சார்ந்த தேர்வு. நிபுணர்களும் தவறுவதுண்டு. கரைக்கு மாற்றுத் தொழில் என்று கொண்டுவரப்பட்ட அயல்நாட்டுக் கப்பாபைகஸ் பாசி 2008 வாக்கில் குருசடைத் தீவுப் பவளங்களின் மேல் படர்ந்திருந்தது கண்டறியப்பட்டது. அதை எங்கே வளர்க்கலாம் என்று 2005இலேயே மாநில அரசு ஆணை பிறப்பித்து வரம்பு விதித்திருந்தது. இன்று கடற்பாசி வளர்ப்பு காலநிலைத் தீர்வாக மீண்டும் பேசப்படுகிறது. தொண்டி அருகே வலமாவூரில் கடற்பாசிப் பூங்காவும் வருகிறது. மிதவைகளை எங்கே கட்டுவது என்ற கேள்வியில், அந்தப் பாறைகளில் வாழ்நாளெல்லாம் மூழ்கியவர்களின் சொல்லும் ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளப்பட வேண்டும்.

இரண்டாவது, காலம் குறைவு என்பது. காலநிலை காத்திருக்காது, கூட்டம் போட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்காது என்பார்கள். அவசரத்தில் வகுத்த வரைவு பிறகு எதிர்ப்பில் சிக்கி நிற்பதை மேலே பார்த்தோம். முதலில் சேமித்த மாதங்களைக் கடைசியில் வட்டியோடு கட்ட வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, செல்வாக்குள்ளவர்கள் சபையைக் கைப்பற்றிவிடுவார்கள் என்பது. இது வலுவான மறுப்பு. புனித நகரான ராமேஸ்வரத்தில் விடுதி, வாகனம், வணிகம் ஆகியவற்றின் நலன் பெரிது. நீரும் கழிவும் குறித்த முடிவுகளில் அவர்களின் குரல் ஓங்கும். ஆனால் மூடிய அறையில் அக்குரல் இன்னும் எளிதாக ஓங்கும். சபையைக் கைவிடுவது இதற்கு மருந்தாகாது. சபைக்குள் தனித்தனி அமர்வுகள் வைக்கலாம்: பாசி எடுக்கும் பெண்கள், உப்பளத் தொழிலாளர், படகுக் கூலிகள், மூட்டம் போடுபவர், முண்டு மிளகாய் விவசாயிகள் என ஒவ்வொரு தரப்பும் தனியே பேசி, தன் முடிவைத் தானே பொதுச் சபையில் வைக்கும் முறை அது.

8. முடிவு

மேலே கண்டவற்றிலிருந்து நான்கு நிபந்தனைகள் தேறுகின்றன. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அழைப்பு வெறும் சடங்குதான்.

ஒன்று, வரிசை. வரைவுக்கு முன் ஒரு சுற்று நடக்க வேண்டும். அதில் கேட்க வேண்டியது ‘இத்திட்டம் சரியா’ என்பது அல்ல. ‘எதற்குத் திட்டம் வேண்டும்’ என்பது.

இரண்டு, மொழியும் நாளும். தமிழில் என்பது போதாது; வடகடல், தென்கடல், வாடை, கச்சான், மடை, கண்மாய் என்று பேசும் தமிழில் இருக்க வேண்டும். திங்கள், புதன், சனி நாட்களில் ராமேஸ்வரம் மீன்பிடித் துறைமுகத்தில் கூட்டம் வைத்தால் விசைப்படகுத் தொழிலாளி வரமாட்டார். மற்ற நாட்களில் வைத்தால் நாட்டுப்படகுக்காரர் வரமாட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்போதும் நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகும். ஆகவே அந்தந்தக் கரைக்கு அந்தந்த மாலை நேரத்தில் தனியே போக வேண்டும். இது சிறிய விவரமாகத் தோன்றலாம். பங்கேற்பு நிலைப்பதும் தோற்பதும் இத்தகைய விவரங்களில்தான்.

மூன்று, பதில். சபையில் எழுந்த ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏற்றோம் அல்லது ஏற்கவில்லை, காரணம் இது என்று எழுத்தில் பதில் தர வேண்டும். அடுத்த சபையில் அது வாசிக்கப்பட வேண்டும். பதில் சொல்லும் கடமை இல்லாத இடத்தில் கேட்பவருக்குக் காதும் தேவையில்லை.

நான்கு, பணமும் எல்லையும். திட்டச் செலவில் ஒரு பகுதியைச் சபைகளே ஒதுக்கும் அதிகாரம் வேண்டும். கிணறு, துறைமுகம், மின்நிலையம் போன்ற பெரியவையும் அதே சபையின் முன் வர வேண்டும்.

ராமநாதபுரம் காலநிலையின் சீற்றத்தை அறிக்கையில் படித்துத் தெரிந்துகொண்ட மாவட்டமல்ல. ஒரு நகரையே கடலுக்குக் கொடுத்தது. மழையில்லாத வானத்தின் கீழ் கண்மாய் வெட்டிக் காத்திருந்தது. கடலில் நாளைப் பங்கிட்டது. பாசிக்கு ஓய்வு விட்டது. அழைக்கப்பட வேண்டியவர்கள் இங்கே விதி வகுத்துப் பழகியவர்கள். அவர்களைக் கருத்துச் சொல்பவர்களாக மட்டும் கொள்வது, திட்டத்துக்கே இழப்பு.

வரைவுக்கு முந்தைய சுற்றைத் தொடங்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு கிராம சபை நாட்கள் ஏற்கெனவே நாட்காட்டியில் இருக்கின்றன.